தோட்டத்துக் கூட்டத்தில் ஓட்டும் வைஃபையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கூட்டம் என்றால் ஒரு லெப்டொப்பையும் வைஃபைப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது கொஞ்ச காலமாக என் வேலையாகிவிட்டது. தண்ணீர்க் குழாயை எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வழியாக இழுப்பது, வந்த பணத்தில் பிள்ளைக் காம்பராவின் (குழந்தைக் காப்பகத்தின்) கூரையை மாற்றுவதா பாதையைத் திருத்துவதா, இப்படி ஊரே சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விசயங்களுக்கு ஒரு மென்பொருளை ஓட்டுகிறோம். போகும் இடமெல்லாம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். முக்கால்வாசிக் கேள்விகள் மென்பொருளைப் பற்றியவை அல்ல, வைஃபையைப் பற்றியவை.

இந்த மென்பொருள் என்னதான் செய்கிறது?

ஆங்கிலத்தில் பெரிய பெயர் உண்டு. தமிழில் குழு முடிவுத் துணை மென்பொருள் எனலாம். எங்கள் பிள்ளைகள் ‘ஓட்டு ஆப்’ என்கிறார்கள். வேலை மூன்று கட்டம். முதலில் எல்லோரும் தங்கள் போனில் யோசனையை எழுதி அனுப்புவார்கள், பெயர் தெரியாது. அடுத்து, ஒரே மாதிரியான யோசனைகளைச் சேர்த்துக் கட்டுவோம். கடைசியில் ஓட்டு: ஒன்றைத் தெரிவு செய்வதாக இருக்கலாம், முதலாவது இரண்டாவது என்று வரிசைப்படுத்துவதாகவும் இருக்கலாம்.

இது நேற்று முளைத்த சரக்கு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே நுனமேக்கரின் குழு 1980களிலேயே இதற்கென்று தனி அறை கட்டியது. லாட வடிவ மேசை, ஆளுக்கொரு கணினி, எல்லாவற்றையும் இணைக்கும் வயர். அந்த வேலையிலிருந்துதான் குரூப்சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் வந்தது. வயர் போட்ட அறையில் நெட்வொர்க் ஒரு பிரச்சினையே இல்லை. கோவில் மண்டபத்தில் நாற்பது பேர் பாயில் உட்கார்ந்திருக்கும்போது வயருக்கு எங்கே போவது?

கை தூக்கிச் சொன்னால் போதாதா?

பல நேரம் போதும். ஆனால் நம் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் தலைவர் பேசுவார், அடுத்து அவரை எதிர்ப்பவர் பேசுவார், அதற்குள் மணி ஆறாகிவிடும். டீல், ஸ்ட்ரோப என்ற இரண்டு உளவியலாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், குழுவாகப் பேசும்போது யோசனைகள் குறைந்துபோவதற்குப் பெரிய காரணம் முறை வரும்வரை காத்திருப்பதுதான் என்று காட்டினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் வந்த யோசனை மறந்துபோகும், அல்லது இனி எதற்கு என்று தோன்றிவிடும். போனில் எழுதினால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் ‘பேசலாம்’.

இந்த ‘முறைக்குக் காத்திருப்பது’ என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வைஃபையைப் பற்றிச் சொல்லும்போது மறுபடி வரும்.

எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடுதான். பிரச்சினையில்லையா?

இல்லை, ஏனென்றால் இணையமே வேண்டாம். மென்பொருள் இருப்பது மேசை மேலுள்ள லெப்டொப்பில். ராஸ்பெரி பை மாதிரி உள்ளங்கையளவு கணினியிலும் ஓடும். போன்கள் வைஃபைப் பெட்டியோடு பேசும், பெட்டி லெப்டொப்போடு வயரில் பேசும், அவ்வளவுதான். பீதுருதாலகால மலையுச்சியில் அன்டெனா நின்றாலும் அடுத்த மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) இருப்பவர் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மலைநாட்டில் அது வழக்கம். கூட்டத்தின் தலைவிதியை அந்த ஒரு கோட்டின் மேல் வைக்காதீர்கள்.

இணையத்தில் இருக்கும் இலவச வாக்கெடுப்புத் தளங்களை வைத்தும் நடத்துகிறார்கள். ஹட்டன் டவுனுக்குள் என்றால் சரி. தோட்டத்துக்குள் நான் அதைச் செய்யமாட்டேன்.

அப்படியானால் எத்தனை எம்பிபிஎஸ் வேண்டும்?

எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை மெகாபிட் போகிறது என்ற வேக அளவு. எல்லோரும் கேட்கும் கேள்வி, ஆனால் பிழையான கேள்வி. கணக்கைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘வாட்டர்’ என்று எழுத ஐந்து எழுத்து, ஐந்து பைட். தமிழில் ‘தண்ணி’ என்று எழுதினால் கணினிக்கு அது த, ண, புள்ளி, ண, இகரக்குறி என்று ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். தமிழ் மூன்று மடங்கு இடம் பிடிக்கிறது என்று பயப்பட வேண்டாம். நூறு குறிகள் உள்ள ஒரு யோசனை 300 பைட்தான். முகவரி மாதிரியான மேல் உறை எல்லாம் சேர்த்து ஒரு கிலோபைட் என்றே வைப்போம். அதை நாற்பது போன்களுக்கும் அனுப்பினால் 40 கிலோபைட். வட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது.

ஆனால் மென்பொருளை எழுதியவர் சோம்பேறி என்றால் கதை மாறும். சில மென்பொருள்களில் ஒவ்வொரு போனும் வினாடிக்கு ஒரு தடவை ‘புதிதாக ஏதாவது வந்ததா?’ என்று கேட்கும். பதிலாக முழுப் பட்டியலும் வரும். பட்டியல் 30 கிலோபைட் என்றால், நாற்பது போனுக்கு வினாடிக்கு 1,200 கிலோபைட், ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் அது 9.6 எம்பிபிஎஸ். ஒருவரும் ஒன்றும் எழுதாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இவ்வளவு! புதிதாக வந்ததை மட்டும் தானாகவே தள்ளிவிடும் மென்பொருளாகப் பார்த்து எடுங்கள். வெப்சொக்கெட் என்ற முறை அதற்குத்தான்.

பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. பிறகு ஏன் தொங்குகிறது?

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தராசு ஒன்று. எத்தனை பேர் நின்றாலும் ஒரு நேரத்தில் ஒரு மூட்டைதான் ஏறும். வைஃபையும் அப்படித்தான், மேலே சொன்ன அதே ‘முறைக்குக் காத்திருப்பது’. ஒரு சானலில் (அலைவரிசையின் ஒரு பாதையில்) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், பெட்டி உட்பட. பேசுவதற்கு முன் ஒவ்வொரு போனும் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் சின்னதாக ஒரு இடைவெளி விட்டுப் பேசும். இரண்டு போன் ஒரே நொடியில் வாய் திறந்தால் இரண்டும் வீண். இரண்டும் பின்வாங்கி, முன்னைவிடக் கூடுதல் நேரம் காத்திருந்து மறுபடி முயற்சி செய்யும். பெட்டியில் எழுதியிருக்கும் 300 என்பது பக்கத்தில் ஒரேயொரு நல்ல போன் இருந்து, தராசு முழுக்க அதற்கே கிடைத்தால் வரும் எண்.

யோசனை எழுதும் கட்டத்தில் ஆளுக்கொரு நேரத்தில் அனுப்புவதால் நெரிசல் தெரியாது. ‘சரி, எல்லோரும் ஓட்டுப் போடுங்கள்’ என்று நான் சொன்ன மறு விநாடி நாற்பது விரல்கள் ஒன்றாக அழுத்துமே, அங்கேதான் தொங்கும். சராசரி நன்றாக இருந்து பிரயோசனமில்லை; அந்த ஐந்து விநாடிதான் கணக்கு.

அடுத்தது மெதுவான மூட்டை. 1,500 பைட் கொண்ட ஒரு தரவுப் பொட்டலத்தை 54 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பினால் அது காற்றில் இருப்பது ஒரு மில்லிவிநாடியில் கால்வாசிகூட இல்லை. சுவருக்குப் பின்னால் சிக்னல் குறைந்து 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்ட போன் அதே பொட்டலத்தை அனுப்ப 12 மில்லிவிநாடி எடுக்கும். ஐம்பது மடங்குக்கு மேல். அந்த ஒரு போன் தராசில் நிற்கும்வரை மற்ற எல்லோரும் வரிசையில்தான். ஆகவே வேகமான பெட்டி வாங்குவதைவிட, மெதுவான போன் ஒன்றுகூட இல்லாமல் ஆட்களை உட்கார வைப்பதில் பலன் அதிகம். பெட்டியின் செட்டிங்கில் பழைய 802.11 பி வேகங்களை நிறுத்த வழியிருந்தால் நிறுத்திவிடுங்கள். அது 1999இல் வந்த வைஃபைத் தரம். இன்று கையிலிருக்கும் போன் எதற்கும் அது தேவையில்லை.

உங்களுக்கு இப்படி ஏதாவது சொதப்பியிருக்கிறதா?

சொதப்பாமலா! டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டம். தண்ணீர்த் தொட்டியை மேட்டு லயத்துப் பக்கம் கட்டுவதா, ஆற்றோரப் பக்கமா என்று கூட்டம். 38 போன் இணைந்திருந்தன. பிளக் பொயின்ட் கீழே இருந்ததால் பெட்டியை மேசைக்கு அடியில் வைத்தேன். ஓட்டு முடிந்து திரையில் பார்த்தால் 29 ஓட்டு. மேட்டு லயத்துப் பக்கம் சில ஓட்டு வித்தியாசத்தில் முன்னால். மிச்சம் ஒன்பது பேர் விருப்பமில்லாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்து அறிவிக்க வாயெடுத்தேன். பின்னால் இருந்து ஒரு அக்கா போனைத் தூக்கிக் காட்டினார்: “தம்பி, இது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு.”

போய்ப் பார்த்தால் கடைசி இரண்டு வரிசையில் ஒன்பது போனும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அந்த வரிசையில் இருந்தவர்கள் யார்? கொழுந்து நிறுத்துவிட்டுக் கடைசியாக வந்த ஆற்றோர லயத்துப் பெண்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லாம் அவர்களுக்கும் பெட்டிக்கும் நடுவில் சுவர் மாதிரி. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். வைஃபை அலையை நன்றாக உறிஞ்சிவிடும். பெட்டியை ஜன்னல் கட்டைக்கு மேலே தூக்கி வைத்து மறுபடி ஓட்டெடுத்தோம். 38ம் வந்தது. ஆற்றோரம் ஜெயித்தது.

அன்றிலிருந்து ஒரு விசயத்தை நான் மறப்பதில்லை. வைஃபை கண்ணை மூடிக்கொண்டு ஆட்களைத் தவறவிடுவதில்லை. கடைசியில் வந்தவர், ஓரத்தில் நிற்பவர், பழைய போன் வைத்திருப்பவர் என்று, வழக்கமான கூட்டத்தில் யாருடைய குரல் கேட்காதோ அவர்களைப் பார்த்துத்தான் தவறவிடுகிறது. ஆகவே என் மென்பொருளில் ‘இணைந்தவர் 38, ஓட்டு வந்தது 29’ என்ற இரண்டு எண்ணையும் பெரிதாகத் திரையில் காட்டுகிறேன். இரண்டும் சரிவரும்வரை, அல்லது வராதவர்களிடம் நேரில் போய்க் கேட்கும்வரை, முடிவைத் திறப்பதில்லை.

அப்படியானால் பெட்டியை எங்கே வைப்பது?

தலைக்கு மேலே. இரண்டு மீட்டருக்கு மேல் உயரத்தில், மண்டபத்தின் நீளச் சுவரின் நடுவில். தகரக் கூரைக்கு மிக நெருக்கமாக வேண்டாம். இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம். வைத்த பிறகு, சிக்னல் அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு நாலு மூலைக்கும் நடந்து பாருங்கள். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அளவில் காட்டும். மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்லது (மைனஸ் 60, 50 என்று) வந்தால் நிம்மதி. மைனஸ் 75க்குக் கீழே போகும் மூலையில் ஆட்களை உட்கார வைக்காதீர்கள். வெறும் மண்டபத்தில் அளந்த எண் ஆட்கள் நிறைந்ததும் இறங்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

2.4ஆ, 5 கிகாஹெர்ட்ஸா?

இவை பெட்டி பேசும் இரண்டு அலைவரிசைகள். ஒரே மண்டபத்துக்குள் என்றால் 5. அதில் சானல் நிறைய, நெரிசல் குறைவு. பழைய கருங்கல் சுவரைத் தாண்டி இஸ்தோப்பில் (வெளித் திண்ணையில்) ஆட்கள் நிற்பார்கள் என்றால் 2.4ம் கூட இருக்கட்டும், ஏனென்றால் 5 அந்தச் சுவரைத் தாண்டக் கஷ்டப்படும். மலிவான போன்கள் சிலவற்றில் 2.4 மட்டும்தான் உண்டு. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் மூன்றுதான்: 1, 6, 11. இடையில் 3, 4 என்று புத்திசாலித்தனமாக எதையும் போடாதீர்கள், இரண்டு பக்கத்தோடும் மோதும்.

கூட்டம் தொடங்கும் முன் ஹொட்ஸ்பொட்டை அணைக்கச் சொல்லுங்கள். பையன்கள் சிநேகிதனுக்கு டேட்டா கொடுத்துவிட்டு அணைக்க மறந்திருப்பார்கள். ஒவ்வொரு ஹொட்ஸ்பொட்டும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று விநாடிக்குப் பத்துத் தடவை போலக் கத்திக்கொண்டிருக்கும், அதுவும் பெரும்பாலும் மிக மெதுவான வேகத்தில்.

பெட்டி வாங்காமல் என் போன் ஹொட்ஸ்பொட்டிலேயே நடத்தலாமா?

எட்டு, பத்துப் பேர் என்றால் நடத்தலாம். பல போன்களில் அதற்கு மேல் விடாது.

மூடுபனி, மழை?

பனிக்குப் பயப்பட வேண்டாம். நுவரெலியாப் பனியில் எதிரே வரும் பஸ் தெரியாமல் போகலாம், ஆனால் இந்த அலைவரிசைக்கும் இந்தத் தூரத்துக்கும் பனியும் மழையும் கணக்கிலேயே வராது. நனைந்த இலைதான் வேறு கதை. அதைக் கீழே சொல்கிறேன்.

மழையால் வரும் தொல்லை சத்தம். தகரக் கூரையில் ஆடி மாதத்து மழை இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மஸ்கெலியாவில் ஒரு கூட்டம் அப்படி அரை மணி நேரம் நடந்தது: ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள், யோசனைகள் திரையில் ஏறிக்கொண்டிருந்தன. வழக்கமான கூட்டமாக இருந்தால் கலைந்திருக்கும்.

இணைந்ததும் ‘இணையம் இல்லை’ என்று போன் விலகிவிடுகிறதே?

போன் தன் பாட்டில் ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை, பயனில்லை’ என்று முடிவு செய்து மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பிறகு லெப்டொப்பின் முகவரியைத் தேடினால் எங்கே கிடைக்கும்? எளிய வழி, கூட்டம் முடியும்வரை எல்லோரும் மொபைல் டேட்டாவை அணைப்பது. ‘இணையம் இல்லாவிட்டாலும் இணைந்திருக்கவா?’ என்று போன் கேட்டால் ஆம் என்று அழுத்த வேண்டும். இதை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொடுக்கக் குறைந்தது பத்து நிமிடம் போகும், நிகழ்ச்சி நிரலில் போட்டுவிடுங்கள். இரண்டு கியூஆர் கோட் அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் பாதி வேலை குறையும்: ஒன்று வைஃபையில் இணைய, மற்றது பக்கத்தைத் திறக்க. ஒட்டும்போது நாலு இடத்தில் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் ஒட்டினால் அங்கே தள்ளுமுள்ளு.

‘அனுப்பு’ என்பதை மூன்று தடவை அழுத்திவிட்டேன். மூன்று ஓட்டு விழுமா?

நல்ல மென்பொருளில் விழாது. ஒவ்வொரு ஓட்டுக்கும் போனே ஒரு தனி எண் போட்டு அனுப்பும். அதே எண்ணில் மறுபடி வந்தால் லெப்டொப் கணக்கில் எடுக்காது. போன் திரை அணைந்து தொடர்பு அறுந்தாலும், திறந்ததும் அதே எண்ணோடு மறுபடி அனுப்பும். இது இல்லாத மென்பொருளைத் தொடவே தொடாதீர்கள். வைஃபை மெதுவாகும்போதுதான் ஆட்கள் பலதடவை அழுத்துவார்கள். அழுத்த அழுத்த வைஃபை இன்னும் மெதுவாகும்.

அழுத்தியவுடன் ‘கிடைத்தது, பொறுங்கள்’ என்று ஏதாவது காட்ட வேண்டும். மென்பொருள் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிய அளவு இன்றும் பொருந்துகிறது: 0.1 விநாடியில் பதில் வந்தால் உடனே நடந்ததுபோல் இருக்கும், 1 விநாடிவரை சிந்தனை அறுபடாது, 10 விநாடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். தோட்டத்துக் கூட்டத்தில் அந்தப் பத்துக்கு முன்பே பக்கத்து ஆளோடு பேச்சு ஆரம்பமாகிவிடும்.

கரண்ட் போனால்?

லெப்டொப்புக்குச் சொந்த பெட்டரி உண்டு. வைஃபைப் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும். அதற்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. அல்லது 5 வோல்ட்டை 12 ஆக்கும் வயரைப் போட்டு பவர்பேங்கில் ஓட்டலாம். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்றால், பெட்டி தன் முழு 12 வொட்டையும் இழுத்தாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். நான் கரண்ட் இருக்கும்போதே பவர்பேங்கில்தான் தொடங்குகிறேன். இன்னொன்று, பழைய மண்டபங்களில் உருண்டை முள் பிளக் பொயின்ட், இப்போது வரும் பெட்டிகளில் சதுர முள். எடப்டர் கொண்டுபோகாமல் கடை தேடி அலைந்த நாள் உண்டு.

தோட்டத்தின் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் ஒரே நேரத்தில் கலந்துகொள்ள முடியுமா?

முடியும், ஆனால் நேராகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு திசை அன்டெனாவை ஒன்றையொன்று பார்த்து வைத்து 5.8 கிகாஹெர்ட்ஸில் இணைக்கலாம். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் என்றால் நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி நாலரை மீட்டர் போல எல்லாப் பக்கமும் வெறுமையாக இருப்பது நல்லது. நடுவில் நிழல் மரம் தலை நீட்டினால், வெயில் நாளில் சோதித்தபோது ஓடிய இணைப்பு, இலை நனைந்த அன்று விழுந்துவிடும். கொப்பு வெட்டத் துரையிடம் அனுமதி கேட்பதைவிட அன்டெனாவை இடம் மாற்றுவது சுலபம். வெளியே இப்படி நிறுவும் முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயம், முடிந்தால் இரண்டு இடத்திலும் தனித்தனி லெப்டொப் வைத்து நடத்தி, முடிவுகளை மட்டும் போனில் சொல்லிச் சேர்ப்பது. யோசனைகளைச் சேர்த்துக் கட்டும் நடுக்கட்டத்தில் ஓர் அரை மணி நேரம் கூடுதலாகப் போகும். இணைப்பு விழுந்து ஒரு பிரிவே வெளியே நிற்பதைவிட அது மேல்.

யார் என்ன எழுதினார் என்று உங்களுக்குத் தெரியுமா?

திரையில் தெரியாது. ஆனால் எந்த போனிலிருந்து வந்தது என்று லெப்டொப்பில் பதிவு இருக்க முடியும், அதை மறைக்க மாட்டேன். நாங்கள் அந்தப் பதிவை நிறுத்திவைக்கிறோம். கூட்டம் முடிந்ததும் மிச்சமிருப்பதையும் எல்லோர் முன்னாலும் அழிக்கிறோம். இன்னொரு ஓட்டை உண்டு: ஒருவர் தலை நிமிர்ந்த அதே விநாடியில் யோசனை திரையில் ஏறினால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் வந்தவற்றைச் சேர்த்து வைத்து, கலக்கி, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை காட்டுகிறோம். இதில் வைஃபைக்கும் லாபம். நாற்பது போனுக்கு ஒவ்வொரு யோசனையாக அனுப்பாமல் மொத்தமாக ஒரு தடவை அனுப்பினால் போதும்.

போன் இல்லாதவர்கள், எழுத வராதவர்கள்?

மூன்று பேருக்கு ஒரு போன், நடுவில் எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று. யோசனைக் கட்டத்துக்கு இது நன்றாக வேலை செய்கிறது, போன் குறைவதால் நெரிசலும் குறைகிறது. ஓட்டுக் கட்டத்தில் மட்டும் போனை ஒவ்வொருவர் கையிலும் தனியாகக் கொடுங்கள். எழுத்துக்குப் பக்கத்தில் படமும் போடுங்கள்: தொட்டி, கூரை, பாதை. படம் சின்னதாக இருக்கட்டும்; 3 மெகாபைட் போட்டோவை அப்படியே ஏற்றி, என் கணக்கையெல்லாம் நானே கெடுத்துக்கொண்ட கூட்டமும் உண்டு.

போகும் முன் எப்படிச் சோதிப்பது?

இருபது போனாவது சேர்த்து, எண்ணி மூன்றில் எல்லோரும் ஒன்றாக அழுத்துங்கள். கடைசி போனில் ‘கிடைத்தது’ வர எத்தனை விநாடி என்று பாருங்கள். முதல் போனைப் பார்க்காதீர்கள். மூன்று விநாடிக்குள் வந்தால் போகலாம். ஒரு போனைக் கதவுக்கு வெளியே பிடித்துக்கொண்டு மறுபடியும் செய்யுங்கள். அந்த ஒன்று மற்ற எல்லோரையும் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும்.

பத்துப் பன்னிரண்டு பேர்தான் கூட்டத்துக்கு வருவார்கள். அதற்கும் இது வேண்டுமா?

வேண்டாம். காகிதத் துண்டு கொடுத்து யோசனையை எழுதி வாங்குங்கள், கலக்கி வாசியுங்கள், ஆளுக்கு மூன்று போஞ்சி விதை கொடுத்துப் பிடித்த யோசனைகளின் மேல் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியைப் பையை விட்டு எடுக்காமலே நான் அப்படி இரண்டு கூட்டம் நடத்தியிருக்கிறேன்.